27 நாள்லயும் வருது, 34 நாள்லயும் வருது: அடுத்த தேதியும் கருத்தரிக்கும் நாட்களும் எப்படிக் கணக்குப் போடுறது?

நித்யமல்லி · ஆகஸ்ட் 6, 2025

வணக்கம் தோழிகளே. குழந்தைக்காகப் பார்க்கிறோம். இந்த வருஷம் பீரியட்ஸ் ஆரம்பிச்ச தேதிகள்: ஜனவரி 6, பிப்ரவரி 4, மார்ச் 7, ஏப்ரல் 3, மே 7, ஜூன் 5, ஜூலை 5, ஆகஸ்ட் 3. இடைவெளி வரிசையா 29, 31, 27, 34, 29, 30, 29 நாள்.

போன்ல இருக்கிற ஆப் சராசரி 30 நாள்னு எடுத்துக்கிட்டு முட்டை வெளிவர்ற நாள்னு ஆகஸ்ட் 18ஐ மட்டும் வட்டம் போட்டுக் காட்டுது. "14ஆம் நாள்தான் முட்டை வெடிக்கும், அப்போ 16ஆம் தேதி"ன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. சின்ன இடைவெளியில 18ஐக் கழி, பெரிய இடைவெளியில 11ஐக் கழின்னு ஒரு கணக்கு படிச்சேன். அதன்படி போட்டா ஆகஸ்ட் 11ல இருந்து 25 வரைக்கும் பதினஞ்சு நாள் வருது. மூணுல எது சரி?

கணவருக்கு வெளியூர் வேலை, வார விடுமுறைக்குத்தான் வருவார். அதனால நாள் தெரிஞ்சாத்தான் திட்டம் போட முடியும். முட்டை வெளிவர்ற நேரத்தைச் சிறுநீர்ல பார்த்துச் சொல்ற ஓவுலேஷன் கிட் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், உள்ளே 5 ஸ்ட்ரிப். எந்த நாள்ல ஆரம்பிக்கணும்? இன்னொண்ணு, செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோவில்ல பொங்கல் வைக்கிறோம். அதுக்குள்ள வந்து முடிஞ்சிடுமா, இல்ல தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கலாமா?

செம்பருத்தி · ஆகஸ்ட் 6

கணக்குக்குப் போறதுக்கு முன்னாடி, உங்க பட்டியல்ல ஒரு இடம் கண்ணை உறுத்துது. 27க்கு அடுத்தாப்லயே 34. மத்ததெல்லாம் 29ல இருந்து 31க்குள்ள அடங்குது. ஒரு சைக்கிள் குட்டையாகி, உடனே அடுத்தது அதே அளவுக்கு நீண்டா, உடம்பைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி நடுவுல இருக்கிற தேதியைச் சந்தேகப்படணும். ஏப்ரல் 3 அன்னிக்கு வந்தது பேட் வைக்கிற அளவுக்கு உதிரமா, இல்ல பழுப்பா திட்டுத் திட்டா வந்ததா? எழுதி வச்சிருந்தா பாருங்க.

முதல் நாள்னா சிவப்பா, பேட் தேவைப்படுற அளவுக்குப் போக்கு தொடங்கின நாள். அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு நாள் பழுப்பா, இளஞ்சிவப்பா பட்டா அது போன சைக்கிளோட வால். தனியா ஒரு புள்ளி வச்சுக் குறிக்கலாம், ஆனா 1ன்னு எண்ணக் கூடாது. இரவு பதினோரு மணிக்குத் தொடங்கினா அன்னிக்கா மறுநாளான்னு பலருக்கும் குழப்பம். தூங்கி எழுந்த பிறகுதான் நல்லாத் தெரிஞ்சதுன்னா மறுநாளை எடுத்துக்கலாம், ஆனா எல்லா மாசமும் ஒரே விதியைப் பிடிச்சுக்கணும். இந்த முதல் நாள்ல இருந்து அடுத்த முதல் நாளுக்கு முந்தின நாள் வரைக்கும்தான் ஒரு சைக்கிள். பீரியட்ஸ் நின்ன நாள்ல இருந்து எண்ணுறவங்களும், மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ தலைக்கு ஊத்தின தேதியை ஞாபகம் வச்சுச் சொல்றவங்களும் நிறைய. ரெண்டுமே கணக்கைக் கெடுக்கும், ஏன்னா போக்கு மாசத்துக்கு மாசம் மூணு நாளும் இருக்கும், ஆறு நாளும் இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். தினசரி காலண்டர்ல குறிக்காதீங்க. தாளைக் கிழிக்கும்போது குறிப்பும் போயிடும். மாதக் காலண்டரோ பழைய டைரியோ நல்லது. ஆப் வச்சிருந்தாலும் கையில ஒரு பிரதி இருக்கட்டும்.

"போன மாசம் 5ஆம் தேதி, இந்த மாசம் 3ஆம் தேதியே வந்திடுச்சு, முன்னாடி வருது"ன்னு பயப்படுறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: 31 நாள் மாசத்துல 29 நாள் சைக்கிள் ரெண்டு தேதி முன்னாடி வந்துதான் தீரும். பார்க்க வேண்டியது நாள் எண்ணிக்கையை மட்டும்தான். வளர்ந்த பெண்களுக்கு 24ல இருந்து 38 நாளுக்குள்ள வந்தா, சைக்கிளுக்குச் சைக்கிள் ஒரு வாரம் வரைக்கும் ஏறி இறங்கினா, அது சாதாரணம்தான். வயசுக்கு வந்து முதல் சில வருஷங்கள்ல 45 நாள் வரைக்கும் போகலாம்.

நித்யமல்லி · ஆகஸ்ட் 6

நோட்டைப் பார்த்துட்டேன். ஏப்ரல் 3, 4 ரெண்டு நாளும் "பழுப்பு, கொஞ்சம்"னு எழுதியிருக்கேன். 5ஆம் தேதி காலையில இருந்துதான் பேட்.

செம்பருத்தி · ஆகஸ்ட் 6

அப்படின்னா மார்ச் சைக்கிள் 29, ஏப்ரல் சைக்கிள் 32. உங்க உண்மையான வரிசை 29, 31, 29, 32, 29, 30, 29. இதுல வேடிக்கை என்னன்னா, சராசரி கொஞ்சமும் மாறலை. முன்னாடியும் கூட்டுத்தொகை 209, இப்பவும் 209. சராசரியை மட்டும் காட்டுற ஆப்புக்கு இந்தத் தப்பு தெரியவே தெரியாது. ஆனா வீச்சு 27–34ல இருந்து 29–32ஆ சுருங்கிடுச்சு. நமக்கு வேண்டியது அந்த வீச்சுதான்.

அடுத்த தேதி: ஆகஸ்ட் 3ஓட 29ஐக் கூட்டினா செப்டம்பர் 1, 32ஐக் கூட்டினா செப்டம்பர் 4. ஏழுல நாலு தடவை 29 வந்திருக்கிறதால 1ஆம் தேதிக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா "1ஆம் தேதி வரும்"னு எழுதாதீங்க, "1–4"ன்னு எழுதுங்க. பையில பேட் ஆகஸ்ட் 30ல இருந்தே இருக்கட்டும்.

18–11 கணக்கும் மாறும். 29ல 18 போனா 11ஆம் நாள், 32ல 11 போனா 21ஆம் நாள். தேதியாப் பார்த்தா ஆகஸ்ட் 13ல இருந்து 23. பதினஞ்சு நாள் பதினொண்ணாச்சு. தேதியா மாத்தும்போது ஒண்ணு கழிக்க மறந்திடாதீங்க: ஆகஸ்ட் 3தான் 1ஆம் நாள், அதனால 11ஆம் நாள்னா 3ஓட 10ஐக் கூட்டணும். பாதிப் பேர் இங்கேதான் ஒரு நாள் தவறுவாங்க.

கணக்குல சேர்க்கக் கூடாத சைக்கிள்கள்: கருத்தடை மாத்திரை சாப்பிட்ட மாசம் (மாத்திரை நிறுத்தினதும் வர்ற போக்கு நிஜப் பீரியட்ஸ் இல்லை), அவசர மாத்திரை போட்டது, தள்ளிப்போட மாத்திரை போட்டது, கருச்சிதைவுக்கு அடுத்தது, பிரசவத்துக்கு அப்புறம் வந்த முதல் ஒண்ணு ரெண்டு. அரசு ஆஸ்பத்திரியில கொடுக்கிற வாரக் கருத்தடை மாத்திரை 'சாயா' சாப்பிடுறவங்களுக்குச் சைக்கிள் நீண்டு போறது அந்த மருந்தோட குணம். அவங்க இந்தக் கணக்கையே போட வேண்டாம். ஆப்ல ஒரு மாசம் குறிக்க மறந்தா அது 60 நாள் சைக்கிள்னு எடுத்துக்கிட்டு சராசரியைக் குலைச்சிடும். அந்த மாசத்தை நீக்கவோ, ஒதுக்கவோ செய்யுங்க.

பகல்நிலா · ஆகஸ்ட் 7

மூன்றில் எது சரி என்ற கேள்விக்கு: 14ஆம் நாள் என்பதுதான் மூன்றிலும் மோசம். அதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1920களில் ஜப்பானில் ஓகினோ என்ற மருத்துவரும் ஆஸ்திரியாவில் க்னாஸ் என்ற மருத்துவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது, முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு என்பது. அதாவது பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சைக்கிளில் மட்டும் முன்னாலிருந்து எண்ணினாலும் 14 வந்துவிடும். அதுவே வாய்மொழியில் "14ஆம் நாள்" என்று நின்றுவிட்டது. உங்களுடையது 28 நாள் சைக்கிளே இல்லை.

முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த பீரியட்ஸ் வரையான பின்பாதிகூட எல்லோருக்கும் 14 நாள் இல்லை. 2019இல் வெளியான, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைப் பார்த்த ஒரு ஆய்வில் முன்பாதியின் சராசரி 16.9 நாள், பின்பாதியின் சராசரி 12.4 நாள். சைக்கிள் நீளும்போது பெரும்பாலும் நீள்வது முன்பாதிதான். அலைச்சல், காய்ச்சல், தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் விளையாடும். பின்பாதியை 12 முதல் 14 நாள் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 29 நாள் சைக்கிளில் 15–17ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 17–19. 32 நாளாக நீண்டால் ஆகஸ்ட் 20–22. ஆப் காட்டும் 18 நல்ல ஊகம்தான். அதை ஒற்றை நாளாகக் காட்டுவதுதான் தப்பு.

கருத்தரிக்கும் நாட்கள் எத்தனை? 221 பெண்களைத் தினமும் சிறுநீர்ப் பரிசோதனையோடு பின்தொடர்ந்து 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முட்டை வெளிவந்த நாளோடு முடியும் ஆறு நாட்களில் சேர்ந்தால் மட்டுமே கரு நின்றது. விந்தணு கருப்பையின் வாய்ச்சளியில் 5 நாள் வரை தாங்கும், முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான். எனவே முட்டை வெடித்த பிறகு ஓடுவதைவிட முன்னாலேயே போய்க் காத்திருப்பது மேல். முந்தைய இரண்டு நாட்கள்தான் உச்சம்.

இப்போது தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 வெள்ளி, சுதந்திர தின விடுமுறை. வியாழன் இரவே அவர் வந்துவிட்டால் 15, 16, 17 மூன்று நாளும் உங்கள் கையில். ஞாயிறு இரவு ஊருக்குக் கிளம்பி, செவ்வாய் முட்டை வெடித்தாலும் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேரும். இந்த மாதம் 32 நாளாக நீளப்போகிறது என்றால் அடுத்த வெள்ளி 22 உதவும். வருவதற்கு முன் "சேர்த்து வைக்க" வேண்டும் என்று பத்து நாள் விலகி இருப்பதில் பயன் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும், தினமும் என்றாலும் தப்பில்லை.

அடுத்து, காசு செலவில்லாத அடையாளம்: வெள்ளைப்படுதல். நோய் என்று நினைத்துப் பலரும் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள், ஆனால் ஸ்ட்ரிப்புக்கு முன்னாலேயே தகவல் சொல்வது இதுதான். பீரியட்ஸ் நின்றதும் சில நாள் வறட்சி. பிறகு பசை போல, வெள்ளையாக, விரலில் ஒட்டினால் உடனே அறுந்துபோவது. அடுத்து தயிர்த் தண்ணீர் போல ஈரம். கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி: கண்ணாடி போலத் தெளிவு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் சில அங்குலம் நூலாக நீளும், அறுந்ததும் சுருண்டு திரும்பும். துடைக்கும்போது காகிதம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல் இருக்கும் நாட்கள்தான் முக்கியமானவை. வழுக்கல் இருந்த கடைசி நாளுக்கு உச்ச நாள் என்று பெயர். முட்டை வெளிவருவது பெரும்பாலும் அதற்கு ஒரு நாள் இப்படி அப்படி. ஆனால் அதுதான் உச்ச நாள் என்பது மறுநாள் வறண்ட பிறகுதான் தெரியும்.

பார்க்கும் முறை: சிறுநீர் கழிக்கும் முன் டிஷ்யூ காகிதத்தால் முன்னிருந்து பின்னாகத் துடைத்துப் பாருங்கள், ஒரு நாளில் மூன்று முறை. இரவில் அந்த நாளின் மிகத் தெளிவான, மிக வழுக்கலான நிலையை மட்டும் எழுதுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவிய உடனே பார்த்தால் எல்லாமே வழுக்கலாகத்தான் தெரியும். உறவுக்கு மறுநாள் காலை விந்து கலந்திருக்கும், அதையும் நம்ப வேண்டாம். கிளர்ச்சியில் வரும் ஈரம் விரலில் தேய்த்தால் காய்ந்துவிடும், வெள்ளைக்கரு மாதிரியானது காயாது. அரிப்பு, கெட்ட வாடை, தயிர்க்கட்டி போலத் திரிதிரியாக இருப்பது, பச்சை மஞ்சள் நிறம் இவையெல்லாம் தொற்று. முதலில் அதற்கு வைத்தியம்.

அடுப்படி_ஆய்வகம் · ஆகஸ்ட் 7

ஸ்ட்ரிப் பற்றி நான் சொல்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டைப் படிக்காமலே பலர் கர்ப்பப் பரிசோதனை மாதிரி செய்துவிடுகிறார்கள். இரண்டும் நேர் எதிர்.

கர்ப்பப் பரிசோதனையில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலே பாசிட்டிவ். ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பில் மங்கல் கோடு நெகட்டிவ், ஏனென்றால் ஸ்ட்ரிப் தேடும் எல்ஹெச் (முட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன்) எப்போதுமே கொஞ்சம் இருக்கும். சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ வந்தால்தான் பாசிட்டிவ். கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் ஸ்ட்ரிப் கெட்டுப்போனது.

எந்த நாளில் தொடங்குவது? மிகக் குறைந்த சைக்கிளிலிருந்து 17ஐக் கழியுங்கள். உங்களுக்கு 29 − 17 = 12ஆம் நாள், ஆகஸ்ட் 14. ஐந்தே ஸ்ட்ரிப் என்றால் 14 முதல் 18 வரை வரும். 29 நாள் சைக்கிளுக்கு அது போதலாம், 32 நாளாக நீண்டால் உச்சம் வருவதற்குள் டப்பா காலியாகிவிடும். அதனால் 14ஆம் தேதி என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்காமல், பகல்நிலா சொன்ன வழுக்கல் தெரியத் தொடங்கியதும் முதல் ஸ்ட்ரிப்பை எடுங்கள். அல்லது இருபது, முப்பது சேர்ந்த சில்லறை ஸ்ட்ரிப் பொட்டலம் ஒன்று வாங்கிவிடுங்கள், ஒன்றின் விலை வெகுவாகக் குறையும்.

எடுக்கும் நேரம் காலை 10 மணிக்கு மேல், இரவு 8க்குள். தினமும் ஏறக்குறைய அதே நேரம். எல்ஹெச் உச்சம் பெரும்பாலும் விடிகாலையில் ரத்தத்தில் தொடங்கும், சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் ஆகும். எனவே எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் பல வகைகளுக்குச் சரிவராது. சோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர், மோர், இளநீர் எதையும் அதிகமாகக் குடிக்க வேண்டாம். நீர்த்துப்போனால் கோடு மங்கும். நம் ஊர் வெயிலில் இதுதான் சிரமம், ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டுக்குள் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான, உலர்ந்த கிண்ணத்தில் பிடித்து, ஸ்ட்ரிப்பில் இருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டாமல் 5 முதல் 10 விநாடி நனைத்து, சமதளத்தில் படுக்க வைத்து, 5 நிமிடத்தில் பாருங்கள். 10 நிமிடம் கழித்துத் தெரிவதை நம்பாதீர்கள். வரிசையாக ஒரு வெள்ளைத் தாளில் தேதியோடு ஒட்டி வைத்தால் கோடு நாளுக்கு நாள் கருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதல் பாசிட்டிவ் வந்ததிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அன்றும் மறுநாளும்தான் நாள். அதற்குப் பிறகும் தினமும் சோதித்துக்கொண்டிருப்பது ஸ்ட்ரிப்புக்குக் கேடு. கோடு நன்றாகக் கருக்கத் தொடங்கினால் காலை ஒன்று, மாலை ஒன்று எடுங்கள். சிலருக்கு உச்சம் அரை நாளுக்குள் ஏறி இறங்கிவிடும்.

தவறாகப் பாசிட்டிவ் காட்டும் இடங்கள்: பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு எல்ஹெச் எப்போதும் ஏறியே இருக்கலாம், முட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால் ஸ்ட்ரிப் அந்த ஊசியைத்தான் படிக்கும், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குபவர்களுக்கும் இதே கதை. முட்டை வளர மாத்திரை சாப்பிடுபவர்கள் கடைசி மாத்திரை முடிந்து குறைந்தது மூன்று நாள் விட்டுத் தொடங்க வேண்டும். இன்னொன்று: ஸ்ட்ரிப் சொல்வது மூளையிலிருந்து கட்டளை போய்விட்டது என்பதை மட்டும். முட்டை நிஜமாகவே வெளிவந்ததா என்று அதற்குத் தெரியாது.

மழைத்துளி · ஆகஸ்ட் 7

அதைத் தெரிஞ்சுக்க தெர்மாமீட்டர் வைப்பாங்களே, அது எப்படி? இன்னொண்ணு, எங்களுக்கு இப்போதைக்குக் குழந்தை வேண்டாம். அந்தப் பதினொரு நாளை விட்டா மீதியெல்லாம் சேஃப்தானே?

செம்பருத்தி · ஆகஸ்ட் 8

முட்டை வெளிவந்ததும் சுரக்கிற புரோஜெஸ்டிரோன் உடம்புச் சூட்டை 0.2ல இருந்து 0.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏத்தும். ஃபாரன்ஹீட்ல 0.4ல இருந்து 1 டிகிரி. இவ்வளவு சின்ன ஏற்றத்தைப் பிடிக்கணும்னா செல்சியஸ்ல ஒரே தசமம் காட்டுற கருவி ஆகாது. ரெண்டு தசமம் காட்டுறது வேணும், இல்லாட்டி 97.4, 97.5ன்னு காட்டுற ஃபாரன்ஹீட் டிஜிட்டலே போதும். நெத்தியில காட்டுற துப்பாக்கி வேண்டவே வேண்டாம்.

காலையில கண் முழிச்சதும், எழுந்து உட்காராம, பேசாம, வாய் கொப்புளிக்காம, காபிக்கு முன்னாடி நாக்குக்கு அடியில வைக்கணும். அதுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு மணி நேரம் விடாமத் தூங்கியிருக்கணும். தினமும் அதே நேரம். ராத்திரி டூட்டி பார்க்கிறவங்க தங்களோட நீளமான தூக்கம் முடிஞ்சதும் எடுக்கலாம். காய்ச்சல், ராத்திரிப் பயணம், அன்னிக்கு மட்டும் ஏசி போட்டுத் தூங்கினது, ரெண்டு மணி நேரம் பிந்தி எழுந்தது, எல்லாத்தையும் பக்கத்துலயே எழுதுங்க. அந்தப் புள்ளியைக் கணக்குல இருந்து தள்ளிடலாம்.

விதி இதுதான்: முந்தின ஆறு நாள்ல எது அதிகமோ, அதைவிட மேல தொடர்ந்து மூணு நாள் இருக்கணும், மூணாவது நாள் குறைஞ்சது 0.2 செல்சியஸ் மேல இருக்கணும். அப்போ முட்டை வெளிவந்திடுச்சுன்னு எடுத்துக்கலாம். ஆனா அது தெரியும்போது அந்த மாச வாய்ப்பு முடிஞ்சிருக்கும். அதனால கருத்தரிக்க நினைக்கிறவங்களுக்கு இது நாள் குறிக்கிற கருவி இல்லை. ரெண்டு மூணு மாசம் எடுத்து, "எனக்குப் பின்பாதி எத்தனை நாள்"னு தெரிஞ்சுக்கத்தான். அது தெரிஞ்சா ஆப்ல 14ன்னு இருக்கிறதை மாத்தி உங்க எண்ணைப் போடலாம். ஏறின சூடு 18 நாளுக்கு மேலயும் இறங்கலைன்னா கர்ப்பப் பரிசோதனை எடுக்க வேண்டியதுதான்.

மீதி நாள் சேஃபான்னு கேட்டதுக்கு, பட்டுனு சொன்னா, இல்லை. நித்யமல்லிக்குப் போட்டது கருத்தரிக்கிறதுக்கான கணக்கு. ஒரு நாள் தவறினா அடுத்த மாசம் பார்த்துக்கலாம். தவிர்க்கிறவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவங்கள்ல 18க்குப் பதிலா 20ஐக் கழிக்கிறவங்களும் உண்டு, குறைஞ்சது ஆறு சைக்கிளோட சரியான பதிவு கையில இருக்கணும். 26ல இருந்து 32 நாளுக்குள்ள வர்றவங்களுக்கு 8ஆம் நாள்ல இருந்து 19ஆம் நாள் வரைக்கும் விலகி இருக்கிற நிலையான நாள் முறை இருக்கு. 32 மணி கோத்த மாலையில ரப்பர் வளையத்தைத் தினமும் ஒரு மணி நகர்த்துவாங்க, வெள்ளை மணி வந்தா விலகல். ஒரு வருஷத்துல ரெண்டாவது தடவையா 26–32ஐத் தாண்டினா அந்த முறையை விட்டுடணும். பிசகாமக் கடைப்பிடிச்சாலும் வருஷத்துக்கு 100ல 5 பேருக்குக் கரு நிக்கும், நடைமுறையில 12 பேருக்கு. அந்தக் கணக்கு மனசுக்குச் சரின்னா சரி, இல்லாட்டி காண்டமோ காப்பர் டியோ பார்க்கிறது நல்லது.

தாழம்பூ · ஆகஸ்ட் 8

பிசிஓஎஸ் இருக்கு, 40, 52, 47ன்னு வருது. எனக்கு இதுல எது பொருந்தும்?

பகல்நிலா · ஆகஸ்ட் 8

தேதிக் கணக்கு எதுவும் பொருந்தாது தோழி. 40ல் 18 போனால் 22, 52ல் 11 போனால் 41. இருபது நாள் இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெள்ளைக்கரு மாதிரி ஈரமும் உங்களுக்கு ஒரே சைக்கிளில் இரண்டு மூன்று முறை வந்து வந்து போகலாம், உடம்பு முயன்று முயன்று பின்வாங்குவதுதான் காரணம். தெர்மாமீட்டர் மட்டும் பொய் சொல்லாது: சூடு ஏறி நின்றால்தான் முட்டை வெளிவந்தது. நடைமுறையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று வைத்துக்கொண்டு, நாள் குறிப்பதை ஸ்கேனிடம் விட்டுவிடுங்கள். மருத்துவர் முட்டை வளர மாத்திரை கொடுத்து ஃபாலிக்குலர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஒன்றுவிட்டு ஒரு நாள் பார்ப்பார்கள், முட்டைப் பை நாளுக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வளரும், 18 முதல் 24 மி.மீ.க்குள் வெடிக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் குழந்தைத் திட்டம் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். உதிராமல் தடித்துக்கொண்டே போகும் கருப்பை உட்சுவர் பிற்பாடு தொல்லை.

இங்கே எல்லோருக்கும் பயன்படும் ஒரு பரிசோதனைக் குறிப்பு. "21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்" என்று சீட்டில் எழுதித் தருவார்கள். அது 28 நாள்காரர்களுக்கு. உண்மையில் எடுக்க வேண்டியது அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு. 35 நாள் சைக்கிளில் அது 28ஆம் நாள். 21லேயே எடுத்தால் அளவு குறைவாக வந்து, "முட்டை வரவில்லை" என்று வீணாக மாத்திரை தொடங்கும். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே முட்டை வெளிவந்ததாகக் கொள்ளலாம்.

35 வயதுக்குள் ஒரு வருடம், அதற்கு மேல் ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றால் போய்க் காட்டுங்கள். முதல் நாளிலேயே கணவருக்கு விந்துப் பரிசோதனையும் சேர்ந்தே நடக்கட்டும். 2 முதல் 7 நாள் விலகலுக்குப் பின் எடுப்பது, ஒரு காலை வேலை, ஊசிகூடக் கிடையாது. மனைவிக்கு எட்டு ஸ்கேன் முடிந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கும் வீடுகளுக்கு என்ன சொல்ல.

நித்யமல்லி · ஆகஸ்ட் 8

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோவில் மாத்திரை பத்தி மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

அடுப்படி_ஆய்வகம் · ஆகஸ்ட் 9

தள்ளிப்போடக் கொடுப்பது நோரெதிஸ்டிரோன். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும், தொடங்கிவிட்ட பீரியட்ஸை அது நிறுத்தாது. உங்களுக்குத் தேதி 1 முதல் 4 என்றால் ஆகஸ்ட் 29ல் முதல் மாத்திரை. சிக்கலே அங்கேதான். முட்டை 17 முதல் 22க்குள் வெளிவந்திருந்தால் 29ஆம் தேதி ஏழு முதல் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். அன்று கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ் காட்டினாலும் நம்ப முடியாது. கரு இருக்கலாம் என்ற நிலையில் இந்த மாத்திரை கூடாது, போட்டால் நாள் தள்ளிப்போனது மாத்திரையாலா கருவாலா என்றும் தெரியாது. ஆகவே இந்த மாதம் முயற்சி அல்லது மாத்திரை, இரண்டில் ஒன்று. முயற்சி என்றால் 1ஆம் தேதியே வந்துவிட்டால் 5ஆம் தேதி ஐந்தாம் நாள். உங்கள் வீட்டு வழக்கத்துக்கு அது போதுமா என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போதாது என்றால் பொங்கலை ஒரு வாரம் தள்ளி வையுங்கள், அதற்கு மாத்திரை வேண்டாம்.

வேறு மாதத்தில் போடுவதானாலும் மருந்துக்கடையில் நேரே கேட்டு வாங்காதீர்கள். காலில் ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் கோளாறு, கண்ணில் மின்னல் அடிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும், அந்தத் தேதியைப் பட்டியலில் தனி மையில் எழுதுங்கள்.

ஆப் பற்றி ஒரு வரி. ஃப்ளோ செயலி பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி குற்றம் சாட்டி, 2021இல் அது சமரசத்தில் முடிந்தது. எந்த ஆப் என்றாலும் பெயர், மின்னஞ்சல் கொடுக்காமல் பயன்படுத்த முடிகிறதா, தகவல் போனிலேயே தங்குகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள்.

செம்பருத்தி · ஆகஸ்ட் 9

நித்யமல்லி, ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் இப்பவே தொடங்கியாச்சா? இல்லைன்னா நாளைக்கே. செப்டம்பர் 5 காலை வரைக்கும் வரலைன்னா எழுந்ததும் போற முதல் சிறுநீர்ல கர்ப்பப் பரிசோதனை எடுங்க (இதுக்கு முதல் சிறுநீர்தான் நல்லது, ஓவுலேஷன் ஸ்ட்ரிப்புக்கு நேர் எதிர்).

நின்னிருந்தா ஆஸ்பத்திரியில கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா எப்போ தலைக்கு ஊத்துனீங்க?" அதுக்கு 5ஆம் தேதி, 7ஆம் தேதின்னு குளிச்ச நாளைச் சொல்லிடாதீங்க. அவங்க எழுதிக்கப்போறது முதல் நாள். "ஆகஸ்ட் 3 ஆரம்பிச்சது"ன்னு சொல்லுங்க, பிரசவத் தேதி மே 10ன்னு போடுவாங்க. அது 28 நாள் கணக்கு. ஸ்ட்ரிப் பாசிட்டிவ் வந்த தேதி உங்ககிட்ட இருந்தா அதையும் சொல்லுங்க, மூணு நாலு நாள் தள்ளி வரலாம். முதல் ஸ்கேன்ல குழந்தை "ஒரு வாரம் சின்னதா இருக்கு"ன்னு பயப்படுற பலருக்கு, முட்டை பிந்தி வெளிவந்ததுதான் காரணமா இருக்கும்.